கார்டை மாற்றிய பிறகும்

அண்ணனின் முகம் திரையில் அப்படியே நின்றுபோனபோது ஸ்க்ரூவுக்கு முதலில் வந்தது கோபம்தான், பயமில்லை. புதுக் கார்டு போட்டு முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் மறுபடியுமா என்று பல்லைக் கடித்தாள். அதற்கடுத்து அவள் கண்ட காட்சியில் அவளுக்கு ஈரக்குலையே நடுங்கிப்போனது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால், அந்தக் கார்டு அவளைப் படுத்திய பாட்டைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால், கம்ப்யூட்டர் ரிப்பேரையே பிழைப்பாக வைத்திருப்பவள் மாதக்கணக்கில் எப்படி ஏமாந்தாள் என்று ஆளாளுக்கு அவளைத்தான் திட்டுவீர்கள்.

ஸ்க்ரூ என்பது அண்ணன் வைத்த பட்டப்பெயர். சின்ன வயதில் வீட்டிலிருந்த கடிகாரம், ரேடியோ, அம்மாவின் தையல் மெஷின் எதையும் அவள் விட்டுவைத்ததில்லை. கழற்றிப் பூட்டிய பிறகு தரையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ மிஞ்சிக் கிடக்கும். அதைப் பொறுக்கிக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டிக்கொடுப்பது அண்ணனின் வேலை. அந்தப் பெயர் அவளோடு பள்ளிக்கூடம் போய், வேலைக்குப் போய், கடைசியில் கடைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. ஜெராக்ஸ் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருக்கும் அவள் கடையை வாடிக்கையாளர்கள்கூட ‘ஸ்க்ரூ அக்கா கடை’ என்றுதான் சொல்கிறார்கள்.

அடுத்தவர் கம்ப்யூட்டரில் அரதப்பழசான பாகத்தைப் போட அவளுக்கு மனசு வராது. தன் மேசைக்கடியில் இருப்பது மட்டும் கழித்துக்கட்டிய பாகங்களை வைத்து ஒட்டுப்போட்டது. அதிலிருந்த கிராஃபிக்ஸ் கார்டு, அதாவது திரையில் படம் வரைந்துகாட்டுகிற அட்டை, எவனோ ஒருவன் இரவு பகலாக கேம் ஆடிச் சக்கையாகப் பிழிந்துவிட்டுத் தள்ளிவிட்டது. ஓடுகிறதே, வீணாக்குவானேன் என்று அதைத் தன்னுடையதில் செருகிக்கொண்டாள். கொஞ்ச காலம் ஓடவும் செய்தது. அப்புறம்தான் நிற்க ஆரம்பித்தது.

கம்ப்யூட்டர் கெடுவதில் இரண்டு வகை உண்டு. ஒரேயடியாகப் படுத்துவிடுவது ஒன்று. அது மகராசி, எங்கே செத்தது என்று தேடிப் பிடித்துவிடலாம். இன்னொன்று, நினைத்தால் நின்று நினைத்தால் ஓடுவது. கடைக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் சமர்த்தாக ஓடும், வீட்டுக்குப் போனதும் வேலையைக் காட்டும். இந்த வகையோடு மல்லுக்கு நிற்கிறவர்களிடம் ‘அணைச்சுட்டுப் போட்டுப் பாருங்களேன்’ என்று யோசனை சொல்பவர்களை என்ன செய்தாலும் தகும்.

அவள் கம்ப்யூட்டர் இந்த இரண்டாவது வகை. பில் அடித்துக்கொண்டிருப்பாள், நின்றுவிடும். வீடியோ பார்ப்பாள், ஓடிக்கொண்டிருந்தவன் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நிற்பான், பாட்டு மட்டும் அதுபாட்டுக்குக் கேட்கும். மவுஸை மேசையெல்லாம் இழுத்தாலும் அம்புக்குறி இம்மியும் நகராது. சில சமயம் தானாகச் சரியாகும், சில சமயம் பட்டனை அழுத்திக் கொன்றுதான் எழுப்ப வேண்டும். கார்டிலிருந்த தூசியை ஊதித் துடைத்தாள். சின்ன ஃபேனைக் கழற்றி எண்ணெய் விட்டாள். சூட்டை இறக்குகிற பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவினாள். கார்டுக்கான மென்பொருளை அழித்துப் பழையதைப் போட்டாள், அதையும் அழித்துப் புதியதைப் போட்டாள். கரண்ட் வயரை மாற்றினாள். எதைச் செய்தாலும் ஒரு நாள் அடங்கிக் கிடக்கும், மறுநாள் தன் புத்தியைக் காட்டும்.

இந்த லட்சணத்தில்தான் அண்ணனோடு அவள் பேச்சும் நடந்தது.

அண்ணன் வேறு ஊரில் பஸ் டிரைவர். காலை டூட்டி முடித்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணசந்து, சாயந்திர டூட்டிக்குக் கிளம்புவதற்கு முன்னால் போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்துவைத்து வீடியோவில் கூப்பிடுவான். அவள் கடையில் கையில் ஸ்க்ரூடிரைவரோடு பேசுவாள். பேச்சென்றால் பெரிய பேச்சொன்றும் இல்லை. அவன் பஸ்ஸில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், அவள் கடைக்கு எந்தப் புத்திசாலி கீபோர்டில் ஜூஸைக் கொட்டிக்கொண்டு வந்தான், இவ்வளவுதான். பல வருஷம் ஸ்பேர் டிரைவராக டிப்போ பெஞ்சில் உட்கார்ந்து, யாராவது லீவு போட மாட்டார்களா என்று காத்துக் கிடந்தவன் அவன். இந்த வருஷம்தான் அவனுக்கென்று ஒரு வழித்தடமும் ஒரு வண்டியும் கொடுத்திருந்தார்கள். அவன் பிரேக் போட்டால் உள்ளே நிற்கிறவர்கள் கம்பியைப் பிடிக்க வேண்டாம் என்று டிப்போவிலேயே சொல்வார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் கொஞ்சம் தடிக்கும்.

பேசிக்கொண்டே இருக்கையில் அவன் முகம் நின்றுவிடும். வாய் பாதி திறந்து, கண் எங்கேயோ பார்த்தபடி, ஃபோட்டோவில் கண் மூடினவன் மாதிரி அசட்டுத்தனமாக இருக்கும். அவள் கம்ப்யூட்டரைத் தட்டுவாள், ஹலோ ஹலோ என்று கத்துவாள். கொஞ்ச நேரத்தில் அவனே உயிர் வந்து, "என்ன, உன் டப்பா மறுபடியும் நின்னுடுச்சா?" என்பான். "ஆமா, சனியன்" என்பாள். "ஊர் கம்ப்யூட்டரையெல்லாம் சரி பண்றே, உன்னோடத சரி பண்ணத் துப்பில்ல" என்று சிரிப்பான். இது அவர்களுக்குள் தினசரிக் கேலியாகவே ஆகிவிட்டது.

கடைசியில் ஒரு நாள் பொறுமை இழந்து கார்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, போர்டிலேயே இருக்கும் சாதாரண இணைப்பில் திரையைச் செருகி ஓட்டிப் பார்த்தாள். நாள் முழுக்க ஒரு முறைகூட நிற்கவில்லை. மறுநாள் கார்டைத் திரும்பச் செருகினாள், கடை மூடுவதற்குள் நின்றது. ஆக, குற்றவாளி கையும் களவுமாக மாட்டிக்கொண்டது. மறுநாள் காலையில், பிழைப்பில் முதல் தடவையாகத் தனக்கென்று பெட்டி பிரிக்காத புதுக் கார்டு ஒன்றை வாங்கிவந்து பூட்டினாள். கனமான வீடியோக்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டுக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். தண்ணீராக ஓடியது. அவளுக்கு வந்த சந்தோஷத்தில் ஜெராக்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் "நல்லா ஓடுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கென்ன தெரியும், பாவம்.

அன்றைக்கு அண்ணன் கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை, அவளே கூப்பிட்டாள்.

"பாரு, நல்லா பாரு. இனிமே என் டப்பாவ பத்தி பேசினே, தெரியும் சேதி."

அண்ணன் யூனிஃபார்ம் போட்டுக் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தான். கையில் டீ கிளாஸ், ஆவி பறந்தது. "அடேங்கப்பா, புதுசா? உங்கிட்ட காசு வாங்குன அந்தக் கடைக்காரன் பாவம், எத்தனை தடவை பேரம் பேசினியோ. எங்க டிப்போவுலகூட ஒரு கம்ப்யூட்டர் இப்படித்தான்..."

முகம் நின்றது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடப்பாவி! பெட்டி பிரிச்சு ஒரு நாள்கூட ஆகலையே!" என்று மவுஸை வெடுக்கென்று இழுத்தாள்.

அம்புக்குறி நகர்ந்தது.

அவள் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்து இழுத்தாள். அம்புக்குறி அண்ணனின் நெற்றிக்குக் குறுக்கே சுளுவாகப் போய்வந்தது. கார்டு நின்றிருந்தால் இது நகரக் கூடாது. அப்படியானால் நெட்வொர்க்காக இருக்கும் என்று நினைக்கும்போதே, அண்ணனின் தலைக்குப் பின்னால் ஜன்னல் திரைச்சீலை மெல்ல உப்பி அடங்கியது.

அவன் கையிலிருந்த டீ கிளாஸ் சாய்ந்துகொண்டிருந்தது. டீ விளிம்பைத் தாண்டி, ஒரு கோடாக அவன் தொடைமேல் ஊற்றிக்கொண்டிருந்தது. ஆவி பறக்கிற டீ. அவன் அசையவில்லை. கண் அவளைப் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. உதடு மட்டும் ஒன்றுமில்லாததை மென்றுகொண்டிருந்தது. இன்னொரு கை சட்டைப் பட்டன் ஒன்றைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தது.

படம் நிற்கவில்லை. படத்தில் எல்லாமே ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன்தான் நின்றிருந்தான்.

கிளாஸ் காலியானது. இன்னும் கொஞ்ச நேரம் அவன் அப்படியே இருந்தான். அப்புறம் இமை தட்டியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கம்போலச் சிரித்தான்.

"என்ன, புது டப்பாவும் நின்னுடுச்சா?"

அவன் குனிந்து பார்த்துத் துள்ளி எழுந்தான். "ஐயையோ, இதென்ன சுடுது! டீய யாரு ஊத்தினது? ச்சே, இருக்கிறதே ஒரு நல்ல பேன்ட்டு."

"அண்ணா" என்றாள். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "நீதான் ஊத்துன."

"நானா?"

"நீதான். நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். பேசிக்கிட்டே இருந்த, அப்படியே நின்னுட்ட. டீ கொட்டுறதுகூட உனக்குத் தெரியல."

"உன் படம் நின்னிருக்கும்."

"படம் நின்னா டீ எப்படிண்ணா கொட்டும்?"

அவன் கையை உதறினான். "காலையில எந்திரிச்சு வண்டி எடுத்தவனுக்குக் கண்ணு சொக்காதா? ஏதோ அசதி. இதுக்குப் போய் மூஞ்சிய இப்படி வச்சுக்கிற, பேயறஞ்ச மாதிரி."

"அசதி இல்லண்ணா. கண்ணு திறந்துதான் இருந்துச்சு. இன்னைக்கு வண்டி எடுக்காதே. கால்ல விழுறேன், இன்னைக்கு மட்டும் எடுக்காதே."

"லூசா நீ? சாயந்திர டூட்டிக்கு யாரு உங்கப்பனா வருவாரு?" என்றான். அவர்களுக்கு ஒரே அப்பா என்பதும், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதும் அவனுக்கு அந்த நேரத்தில் நினைவில்லை. "நேரமாச்சு, பேன்ட்ட மாத்தணும். வை."

திரை இருண்டது. ஸ்க்ரூ அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மாதக்கணக்கில் நின்றதெல்லாம் ஒவ்வொன்றாக அவள் முன்னால் வந்து நின்றது. கார்டு நின்ற நாட்களில் மவுஸ் நின்றது, அண்ணனின் குரல் மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. மற்ற நாட்களில் குரலும் சேர்ந்து நின்றது. அன்றைக்கெல்லாம் மவுஸ் நகர்ந்திருக்க வேண்டும். அவள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ‘சனியன் பிடிச்ச கார்டு’ என்று திட்டிவிட்டுக் கம்ப்யூட்டரின் மண்டையில் தட்டினாள். ஒரு வாடிக்கையாளரின் மெஷினாக இருந்திருந்தால் குரல் வந்ததா, அம்பு நகர்ந்ததா என்று முதல் நாளே கேட்டிருப்பாள். தன்னுடையது என்பதால் அசட்டையாக விட்டுவிட்டாள். ஒரே மேசையில் இரண்டு கோளாறு இருந்தது. ஒன்றைக் கண்டுபிடித்ததும் எல்லாம் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டாள். அவனும் ஒவ்வொரு முறையும் நினைவு திரும்பி, அவள் ஹலோ ஹலோ என்று கத்துவதைப் பார்த்து, அவளுடைய டப்பாதான் நின்றது என்று நம்பிவிட்டான்.

அவன் இப்போது டூ வீலரில் டிப்போவுக்குப் போய்க்கொண்டிருப்பான். கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். எடுக்க மாட்டான். வண்டி ஓட்டும்போது போனைத் தொடுவதில்லை என்பதில் அவன் படு கண்டிப்பு.

அண்ணியைக் கூப்பிட்டாள். அண்ணி ஒரு பேக்கரியில் கவுன்ட்டரில் நிற்பவள், சாயந்திரம் கூட்ட நேரம். "சொல்லும்மா, சீக்கிரம் சொல்லு, ஆளு நிக்குது" என்றாள்.

"அண்ணி, அண்ணன் பேசிக்கிட்டே இருக்கும்போது திடீர்னு அப்படியே நின்னுடுற மாதிரி எப்பவாவது ஆகுதா?"

"எப்பவாவதா? நல்லா கேட்டே போ!" அண்ணி இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போலப் பொரிந்தாள். "நான் வாய் வலிக்கப் பேசிக்கிட்டிருப்பேன், உங்க அண்ணன் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. என்னங்க, என்னங்கன்னு கூப்பிட்டாலும் ஒரு பதில் வராது. நான் பேசினா அவ்வளவு இளக்காரம். ரொட்டி அந்தப் பக்கம் இருக்கு சார், பன்னு இது. எங்க விட்டேன், ஆ, அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி தண்ணி கொண்டு வான்னு சொல்லுவாரு. அதுக்காகவே நான் எத்தனை நாள் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு இருந்திருக்கேன் தெரியுமா? மனுஷனுக்கு ஏன்னுகூட புரியாது."

"அந்த நேரத்துல அண்ணன் வாய் என்ன பண்ணும் அண்ணி?"

"வாயா? வாய் என்ன பண்ணும், சும்மா..." அண்ணி நிறுத்தினாள். பின்னால் யாரோ பன் கேட்டார்கள், அவள் பதில் சொல்லவில்லை. "எதையோ மெல்லுற மாதிரி பண்ணுவாரு. நான்கூட, என்னை நக்கல் பண்றாருன்னு..."

"கை?"

"பட்டனைத் திருகுவாரு." அண்ணியின் குரல் இறங்கிப்போயிருந்தது. "எத்தனை பட்டனைப் பிச்சிருக்காரு. நான்தான் திட்டிக்கிட்டே தைச்சுக் கொடுப்பேன். ஏன்மா? ஏன் கேக்கிற?"

ஸ்க்ரூ டீ கொட்டியதைச் சொன்னாள்.

"ஐயோ" என்றாள் அண்ணி. "இளக்காரம்னு நினைச்சேனே. ஐயோ, நான் என்னென்னவோ பேசியிருக்கேனே அவரை."

"அண்ணி, அழ நேரமில்ல. இப்ப டூட்டிக்குப் போயிட்டாரு. டிப்போ நம்பர் உங்ககிட்ட இருக்கா?"

அண்ணியின் அழுகை சட்டென்று நின்றது. "டிப்போவுக்கு எதுக்கு?"

"நிறுத்தச் சொல்லணும்."

"வேண்டாம்மா. வேண்டாம், தயவுசெஞ்சு வேண்டாம். நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், என் தலைய அடகு வச்சாவது கூட்டிட்டுப் போறேன். டிப்போ காதுக்குப் போச்சுன்னா அவரை இனிமே ஸ்டியரிங்கத் தொட விட மாட்டாங்க. எத்தனை வருஷம் அந்த பெஞ்சுல உட்கார்ந்திருந்தாரு, உனக்குத் தெரியாதா? பஸ்ஸு இல்லாட்டி அந்த மனுஷன் செத்துருவாரு. இன்னைக்கு ஒரு நாள்தானே. இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே."

இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை. இத்தனை நாளும் அவன் வண்டி ஓட்டியிருக்கிறான். பாலத்தின்மேல், பள்ளிக்கூட வாசலில், இறக்கத்தில். எங்கெல்லாம் நின்றானோ, யாருக்குத் தெரியும். அண்ணி சொல்வதெல்லாம் உண்மை, பஸ் இல்லாவிட்டால் அவன் பாதி ஆளாகிவிடுவான். அதைப் பிடுங்கப்போவது தானா என்று ஸ்க்ரூ நினைத்தாள். அண்ணி சொல்கிற மாதிரி ஒரு நாள் விட்டுவிடலாம் என்றுகூட ஒரு கணம் மனசு ஆசைப்பட்டது.

"இந்த நேரத்துல அந்த பஸ்ஸுல யாரெல்லாம் ஏறுவாங்க அண்ணி?" என்று கேட்டாள்.

அண்ணி நம்பரைச் சொன்னாள். ஒவ்வொரு எண்ணையும் பிடுங்கிக் கொடுப்பதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டு, "நான் கொடுத்தேன்னு சொல்லாதே" என்று வைத்துவிட்டாள்.

கடை போனிலிருந்து கூப்பிட்டாள். டிப்போவில், பஸ்களை நேரம் பார்த்து அனுப்புகிற டைம்கீப்பர் எடுத்தார். பின்னால் எஞ்சின்களின் இரைச்சல், யாரோ ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் வழித்தடத்தைச் சொன்னாள்.

"அந்த வண்டியா? ஆளு ஏறியாச்சு, டிரைவரும் ஏறியாச்சு. இப்ப விசில் கொடுக்கப் போறேன். நீங்க யாரும்மா?"

"டிரைவரோட தங்கச்சி. சார், அவரை வண்டி எடுக்க விடாதீங்க."

"ஏன், வீட்ல யாருக்காவது ஏதாவது...?"

"வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்ல சார். அவருக்குத்தான். அவருக்குத் திடீர் திடீர்னு நினைவு தப்புது. கண்ணு திறந்திருக்கும், உட்கார்ந்தபடியே இருப்பாரு, ஆனா ஒண்ணும் தெரியாது. அவருக்கே அது தெரியல. இப்பதான் என் கண்ணு முன்னால நடந்துச்சு. சுடுற டீய மேல ஊத்திக்கிட்டாரு."

டைம்கீப்பர் எரிச்சலாகச் சிரித்தார். "ஏம்மா, டீ கொட்டினதுக்கெல்லாம் வண்டிய நிறுத்தினா நான் ஊர்ல ஒரு வண்டிகூட விட முடியாது. எங்க டிப்போவுலயே நல்லா ஓட்டுற டிரைவரு அவரு. அண்ணன் தங்கச்சிக்குள்ள ஏதாவது பிரச்சினைன்னா வீட்ல பேசித் தீர்த்துக்குங்க. இங்க படியில தொங்குது கூட்டம்."

"சார், ஒரே ஒரு நிமிஷம். நான் பொய் சொல்றேன்னே வச்சுக்குங்க. வண்டி கொஞ்சம் லேட்டாப் போகும், நீங்க என்னைத் திட்டுவீங்க, அவ்வளவுதான். நான் சொல்றது உண்மையா இருந்தா?"

எஞ்சின்கள் இரைந்தன. டைம்கீப்பர் ஏதோ முனகினார். பிறகு, "லைன்ல இருங்க" என்று ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. விசில் ஊதினார். கிளம்பச் சொல்கிற விசிலா நிற்கச் சொல்கிற விசிலா என்று அவளுக்குத் தெரியவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தபடி அதன் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு விறைத்து நின்றாள். ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்து "என்னம்மா, கரண்ட் அடிச்சுதா?" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மேசைமேல் இருந்த செல்போன் ஒலித்தது. அண்ணன்.

கடை போனை வைத்துவிட்டு அதை எடுத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான். அவன் குரலுக்கு அடியில் பஸ் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் இருக்கையை விட்டு இறங்கவில்லை.

"ஏண்டி, உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? டிப்போவுக்கே போன் போட்டுட்டியா? இங்க டைம்கீப்பர் வந்து, வண்டிய அணைச்சுட்டு இறங்குங்கங்கிறாரு. உள்ள ஜனங்க எல்லாம் என்ன என்னன்னு கேக்குது. எத்தனை வருஷம் நாயா காத்துக்கிடந்து இந்த சீட்டுல உட்கார்ந்தேன்! ஒரு வார்த்தையில என் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே. கூடப் பிறந்தவ பண்ற வேலையா இது? யாருக்கு நினைவு தப்புது? எனக்கா? நான் நல்லா இருக்கேன், கேட்டுக்க, நான் ரொம்ப நல்லா இருக்கேன். இந்த வண்டிய நான் கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன். அந்த மனுஷனுக்கு நீயே சொல்லு, இப்பவே சொல்லு, நீ பார்த்தது..."

குரல் நின்றது.

"அண்ணா?"

எஞ்சின் ஓடியது. அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இணைப்பு இருந்தது. மறுபடி காதில் வைத்தாள். ஒரு சின்னச் சத்தம் கேட்டது, உதடு ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிகிற ஈரச் சத்தம், திரும்பத் திரும்ப. அப்புறம் எஞ்சினின் ஓசை ஏறத் தொடங்கியது. யாரோ ஆக்சிலேட்டரை அழுத்துகிறார்கள். உறுமல் ஏறிக்கொண்டே போய் அலறலாக மாறியது, பஸ்ஸுக்குள் ஒரு குழந்தை வீறிட்டது. "டிரைவர்! டிரைவர், என்ன பண்றீங்க? காலை எடுங்க!" என்று பக்கத்தில் டைம்கீப்பர் கத்தினார். "கியர் போடலையே? கியர் போடலையே? சாவியத் திருப்பி அணைங்கப்பா!"

"அண்ணா! அண்ணா!" என்று ஸ்க்ரூ கடையில் நின்று கத்தினாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எஞ்சின் அணைந்தது. அத்தனை பேர் இருக்கிற பஸ்ஸில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. அவள் அழுதுகொண்டே காத்திருந்தாள்.

தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"ஸ்க்ரூ" என்றான் அண்ணன். கோபமெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

"சொல்லுண்ணா."

"ஏய், இங்க எல்லாரும் ஏன் என்னையே பார்க்கிறாங்க?"